தாது வருடப் பஞ்சத்தைத் தேடினால் ஏன் ஒரே கட்டுரையே திரும்பத் திரும்ப வருகிறது?

ஓமலூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஓமலூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரைப் பற்றிக் குடும்பத்தாருக்காக ஒரு சிறு வரலாற்றுக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். என் அப்பாயி, தம் மாமியார் சொல்லக் கேட்டதாக, "தாது வருசத்துல ஊரே கஞ்சித்தொட்டிக்குப் போச்சு, திரும்பி வந்தது பாதிதான்" என்று அடிக்கடி சொல்வார். 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தத் தாது வருடப் பஞ்சம் எங்கள் ஊரைத் தாக்கியதற்குச் சான்று கிடைக்குமா என்று மூன்று வாரமாக இணையத்தில் தேடுகிறேன்.

"தாது" என்று தட்டினால் தாது புஷ்டி லேகிய விளம்பரங்கள் வந்து நிற்கின்றன. "தாது வருடம்" என்றால் 1996ஆம் ஆண்டுப் பஞ்சாங்கமும் ராசிபலனும் வருகின்றன. "தாது வருடப் பஞ்சம்" என்று முழுமையாகக் கொடுத்த பிறகுதான் கட்டுரைகள் கிடைத்தன. ஆனால் பத்துப் பன்னிரண்டு தளங்களில் அதே பத்திகள், அதே எழுத்துப் பிழைகளுடன் இருக்கின்றன. இறந்தோர் எண்ணிக்கை மட்டும் தளத்துக்குத் தளம் மாறுகிறது. ஒரே புகைப்படம் ஓரிடத்தில் சென்னை மாகாணப் பஞ்சமாகவும் இன்னோரிடத்தில் 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சமாகவும் காட்டப்படுகிறது. தேடல் பக்கத்தின் உச்சியில் இயந்திரமே எழுதித் தரும் சுருக்கமோ, இவை எல்லாவற்றையும் கலந்து சிறிதும் தயங்காமல் பேசுகிறது.

என் ஐயம் இதுதான்: எங்கள் பகுதியைப் பற்றிய தகவல் உண்மையிலேயே இல்லையா, அல்லது இருந்தும் தேடுபொறியின் கண்ணுக்குத் தெரியவில்லையா?

சொல்லடைவு:

இரண்டாவதுதான் பெரும்பாலும் உண்மை. காரணம் தேடுபொறி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

தேடுபொறி நீங்கள் கேட்ட நொடியில் உலகத்தைத் தேடுவதில்லை. முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பெரிய சொல்லடைவைத் தயாரித்து வைத்திருக்கிறது, அதைத்தான் புரட்டுகிறது. ஆகவே எழுத்தாக மாற்றப்படாத ஓலை, கட்டிவைத்த கோப்பு, வெறும் படமாக ஒளிவருடப்பட்ட பழைய புத்தகம் ஆகியவை அந்த அடைவுக்குள் பெரும்பாலும் நுழைவதே இல்லை. நுழைந்தவற்றுள் எதை முதலில் காட்டுவது என்பது அடுத்த சிக்கல். 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளுக்கு வகுத்த முறை, ஆய்வுலகில் ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் வழக்கத்திலிருந்து பிறந்தது. ஒரு பக்கத்துக்கு எத்தனை இணைப்புகள் வருகின்றன, அந்த இணைப்புகளைத் தருபவை எவ்வளவு மதிப்புள்ளவை என்பதைக் கொண்டு வரிசை அமைந்தது. இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆனால், எல்லாரும் சுட்டும் பக்கம் நல்ல பக்கமாக இருக்கும் என்ற ஊகம் அடியில் அப்படியே கிடக்கிறது.

ஆய்வாளர் மூலத்தைச் சுட்டுவார். இணையத்தில் எழுதுபவரோ தாம் நேற்றுப் படித்த பக்கத்தைச் சுட்டுவார், பல சமயம் சுட்டாமலே நகலெடுப்பார். அதனால்தான் பன்னிரண்டாவது நகல் மேலே வருகிறது, முதல் நூல் நாற்பதாம் பக்கத்தில் புதைந்துவிடுகிறது. பன்னிரண்டு தளங்கள் ஒன்றையே சொல்கின்றன என்பதால் பன்னிரண்டு சான்றுகள் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். பிழையும் சேர்ந்து ஒத்துப்போகிறதென்றால் அது ஒரே சான்றுதான். உச்சியில் வரும் இயந்திரச் சுருக்கமும் இந்த நகல்களைத் தின்று வளர்ந்ததே.

இன்னொன்று: தேடல் முடிவுகளைக் காலவாரியாக வடிகட்டும் வசதி, பக்கம் எப்போது வெளியானது என்பதை வைத்து வடிகட்டுகிறதே ஒழிய, நிகழ்வு எப்போது நடந்தது என்பதை வைத்து அல்ல. 1877 என்று வரம்பு வைத்தால் எதுவும் கிடைக்காதது அதனால்தான்.

பழஞ்சுவடி:

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பழியை முழுக்க இயந்திரத்தின் மேல் போட எனக்கு மனமில்லை. நாம் இன்றைய சொல்லைக் கொண்டு கேட்கிறோம். ஆவணமோ அன்றைய சொல்லில் இருக்கிறது. அதைத் தேடுபொறி ஓரளவுக்கு மேல் ஊகித்துத் தர முடியாது.

முதலில் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஆண்டுகள் அறுபது ஆண்டுச் சுழற்சியில் வருவதால் 1876–77 தாது, 1936–37 தாது, 1996–97 தாது. உங்களுக்கு ராசிபலன் வந்ததில் வியப்பில்லை. பஞ்சம் தாதுவோடு முடியவும் இல்லை. அடுத்த ஈசுவர ஆண்டிலும் அது கடுமையாக நீடித்தது, அதன் விளைவுகள் அதற்கும் அடுத்த வெகுதானிய ஆண்டு வரை வந்தன. வருவாய்த் துறை ஆவணங்களில் இந்தப் பெயர்களை விடப் பசலி என்னும் வருவாய் ஆண்டுக் கணக்கே மிகுதி. ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். எனவே 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை பசலி 1286, அடுத்தது பசலி 1287. "1876 பஞ்சம்" என்று தேடுபவருக்குப் பசலி 1286 என்ற தலைப்பிட்ட கணக்கு ஒருநாளும் எதிர்ப்படாது.

அடுத்தது இடப்பெயர். அன்றைய ஆங்கில நூல்களில் மதுரை "மதுரா", திருநெல்வேலி "டின்னெவெலி", திருச்சிராப்பள்ளி "டிரிச்சினோபலி". சிற்றூர்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டலே கிடையாது; எழுதியவர் காதில் விழுந்ததுதான் பெயர். உங்கள் ஊர்ப் பெயரை நான்கைந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நிர்வாக எல்லையும் மாறியிருக்கிறது. இன்று தனி மாவட்டமாக உள்ள திருப்பத்தூர் அன்று சேலம் மாவட்டத்துத் தாலுகா. உங்கள் ஊர் அன்று எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதை உறுதி செய்யாமல் தேடினால் பக்கத்து அறையில் சாவியைத் தேடுவதாக முடியும்.

இனி நேராகப் போக வேண்டிய நூல்கள். சென்னையில் அப்போது செய்தித்தாள் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாகத் தென்னிந்தியப் பஞ்சத்தைப் பற்றி எழுதினார். லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வெளிவந்தது. இரண்டின் ஒளிவருடிய பிரதிகளும் இணைய ஆவணக் களஞ்சியத்தில் (Internet Archive) கிடைக்கின்றன. பொதுத் தேடுபொறியில் தேடாமல், அந்தக் களஞ்சியத்தின் உள்ளே, நூலின் உள்ளே தேடுங்கள். டிக்பியைப் படித்தால் நகல் கட்டுரைகள் எதை உதிர்த்துவிட்டன என்பதும் விளங்கும். பஞ்சத்தை மேற்பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வகுத்ததைக் கட்டுரைகள் சொல்கின்றன. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், அந்த அளவில் மனிதர் உழைத்து உயிர்வாழ முடியாது என்று எழுத்து மூலம் போராடியதைப் பெரும்பாலானவை சொல்வதில்லை.

இறந்தோர் எண்ணிக்கை மாறுவதை மட்டும் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். மதிப்பீடுகள் ஐம்பத்தைந்து லட்சம் முதல் ஏறத்தாழ ஒரு கோடி வரை இருக்கின்றன. பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிப் பகுதியை மட்டும் எண்ணினார்களா, மைசூர், ஐதராபாத் போன்ற சமஸ்தானங்களையும் சேர்த்தார்களா, பதிவான சாவுகளைக் கூட்டினார்களா, இரண்டு மக்கள்தொகைக் கணக்குகளுக்கிடையே விழுந்த பள்ளத்தை அளந்தார்களா என்பதைப் பொறுத்து எண் மாறும். நகலெடுத்தவர் எண்ணை எடுத்துக்கொண்டு அதன் அடிக்குறிப்பை விட்டுவிட்டார். உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை, 1871 கணக்கெடுப்பில் பத்தொன்பது லட்சத்தைத் தாண்டியிருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் பதினாறு லட்சமாகக் குறைந்தது. மாவட்டத்தின் சராசரியே இதுவென்றால், ஓர் ஊரில் "பாதி" என்று அப்பாயி சொன்னதை மிகை என்று ஒதுக்க நான் துணிய மாட்டேன்.

நிழற்படப்பெட்டி:

புகைப்படத்தைப் பற்றி மட்டும். எலும்பும் தோலுமாகக் குழுவாக உட்கார்ந்திருப்பவர்களின் படங்கள் என்றால், அவை பெரும்பாலும் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் 1876–78 பஞ்சத்தின்போது எடுத்தவை. அவற்றை 1943 வங்காளப் பஞ்சத்தின் படங்களாகப் பகிர்வது இணையத்தில் நெடுநாளாக நடக்கிறது. படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி, அந்தப் படத்தோடு மிகுதியாக ஒட்டப்பட்ட தலைப்பைத்தான் திருப்பித் தரும். நூலகம் அல்லது அருங்காட்சியகத்தின் பட்டியலில் அந்தப் படம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத படத்தை உங்கள் குறிப்பில் சேர்க்க வேண்டாம்.

ஓமலூர்வாசி:

மூவருக்கும் நன்றி. சேலம் கையேட்டை இறக்கிப் படிக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு கேள்விகள். தமிழில் அச்சான பழைய பஞ்சக் கும்மிப் பாடல்களின் ஒளிவருடிய கோப்பு ஒன்று கிடைத்தது. கண்ணுக்குத் தெரியும் சொல்லைக்கூட அதற்குள் தேடினால் "இல்லை" என்கிறது, ஏன்? மற்றது, எங்கள் ஊர்ப் பொதுக்கிணற்றுக் கல்லில் "ஈசுவர வரு. தை மாதம்" என்று பொறித்திருக்கிறது. இதைப் பஞ்ச நிவாரண வேலை என்று எழுதலாமா?

பழஞ்சுவடி:

முதல் கேள்விக்கு: 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ளை, னை, ணை ஆகியவை கொம்பு வளைந்த பழைய வடிவிலும், ணா, றா, னா ஆகியவை கூட்டெழுத்தாகவும் இருக்கும். இன்றைய வடிவங்களில் பழகிய எழுத்துணரி மென்பொருள் (படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றுவது) அவற்றை வேறு எழுத்தாகவே படித்து வைக்கும். போதாக்குறைக்கு, "தாதுவருஷத்துப்பஞ்சத்தில்" என்று இடைவெளியின்றி ஒரே தொடராக அச்சிடுவதும் அன்று வழக்கம். எனவே முழுச் சொல்லைக் கொடுக்காமல் "வருஷ", "பஞ்ச" போன்ற துண்டுகளைக் கொடுத்துத் தேடுங்கள், லகர ளகர ஐகாரம் வரும் சொற்களைத் தவிருங்கள். கும்மிப் பாட்டு சிறு நூல்தானே, ஒரு மாலைப்பொழுதில் முழுவதையும் கண்ணால் படித்துவிடுவது அதைவிட விரைவு.

இரண்டாவதற்கு: பஞ்சக் காலத்துக் கல் என்றால் அந்தத் தை 1878 ஜனவரி–பிப்ரவரி, பசலி 1287. ஆனால் ஈசுவரவும் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவதுதான். 1817–18, 1937–38 ஆகியவற்றையும் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு விலக்கியாக வேண்டும். நிவாரண வேலையா, ஊரார் தாமே வெட்டியதா என்பது கல்லிலிருந்து தெரியாது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளைச் சேலம் மாவட்டம், 1877–78 என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை கல்லில் உள்ளதை உள்ளபடி படியெடுத்து, படத்தோடு இங்கே இடுங்கள். எழுத்தைப் பார்த்துக் காலம் சொல்லக்கூடியவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.