கெரட்டின் 6ஏ – கெரட்டின் 14 ஃப்யூஷன்: வாய்ப் புற்றுநோய் டேட்டா, அவசர உதவி தேவை

பெஞ்ச்_கவிதா
வணக்கம். கன்னத்து வாய்ப்புற்று சாம்பிள்களின் ஆர்என்ஏ டேட்டாவை ஸ்டார்-ஃப்யூஷனில் (மரபணு இணைவு தேடும் சாஃப்ட்வேர்) ஓட்டினேன். பாதிக்கு மேற்பட்ட கட்டிகளில் கெரட்டின் 6ஏ – கெரட்டின் 14 இணைவு, அதாவது இரண்டு கெரட்டின் மரபணுக்கள் ஒட்டிய ஆர்என்ஏ, வருகிறது. அது இருப்பவர்களுக்கு நோய் மெதுவாக முற்றுகிற மாதிரியும் தெரிகிறது. மெக்கானிசம் என்னவென்று கைடு கேட்கிறார். வியாழக்கிழமை கமிட்டி. ப்ளீஸ்.

ரீடு_மேப்பர்
ஃப்ரெஷ் திசுவா, மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கா? ரீடு (சீக்வென்சர் படித்த துண்டு) நீளம்? பக்கத்து நார்மல் திசுவும் பார்த்தீர்களா? இணைவு எக்ஸான் (ஆர்என்ஏவில் தங்கும் மரபணுத் துண்டு) எல்லையில் வருகிறதா, நடுவிலா? நிஜ இணைவு பெரும்பாலும் எல்லையில்தான் வரும். இதெல்லாம் இல்லாமல் என்ன சொல்வது?

இழைநார்
மெக்கானிசம் நான் சொல்கிறேன். 6ஏ டைப் 2, குரோமோசோம் 12. 14 டைப் 1, குரோமோசோம் 17. கெரட்டின் இழை உருவாக டைப்புக்கு ஒன்றாக ஜோடி சேர வேண்டும். பாதி அது, பாதி இது என்று ஒரு புரதம் உள்ளே நுழைந்தால் ஜோடியே குழம்பும். கெரட்டின் 14-இல் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதற்கே தோல் கொப்புளிக்கும் நோய் வருகிறது. இழை சிதைந்தால் செல்லின் நடமாட்டம் மாறத்தான் செய்யும்.

டெர்மினல்_தாத்தா
இந்தக் காலத்துப் பிள்ளைகள் பட்டனைத் தட்டிவிட்டு மெக்கானிசம் தேடுகிறார்கள். முதலில் ஐஜிவி (ரீடுகளைத் திரையில் காட்டும் சாஃப்ட்வேர்) திறந்து ரீடைக் கண்ணால் பாரும்மா. 6ஏ, 6பி, 6சி மூன்றும் பக்கத்து வீட்டு இரட்டையர்கள். கெரட்டின் 14, 16, 17-க்கு குரோமோசோம் 17-இன் குட்டைக் கையில் (17பி) போலி மரபணுக்கள் வேறு. ராடின் (கெரட்டின் புரதத்தின் நடுத்தண்டு) கடைசி வரிசை டைப் 1, டைப் 2 இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஸ்குவாமஸ் கட்டியில் கெரட்டின் ஆர்என்ஏ கொட்டிக் கிடக்கும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுக்கும் என்சைம்) நகலெடுக்கும்போது ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ இது போதாதா?

பெஞ்ச்_கவிதா
ஆர்டி-பிசிஆரில் அந்த இணைவைப் பெருக்கிப் பார்த்தேன் சார், பேண்ட் வந்தது. சாங்கர் சீக்வென்சிங்கிலும் அதே வரிசை.

ரீடு_மேப்பர்
ஆர்டி-பிசிஆரிலும் அதே என்சைம்தானே! அது தாவினால் அங்கேயும் அதே கைமெரா (பொய் ஒட்டு) வரும், சாங்கரும் அதையே படிக்கும். ஜீனோமிக் டிஎன்ஏவில் உடைப்பைக் காட்டினால்தான் நிஜம்.

இழைநார்
எல்லாவற்றையும் ஆர்டிஃபாக்ட் (சோதனை முறையின் பிழை) என்று தள்ளிவிட்டால் எப்படி? டெர்மடோஃபைப்ரோசார்கோமாவில் (ஒரு தோல் கட்டி) கொலாஜனும் பிடிஜிஎஃப்-பி என்ற வளர்ச்சிக் காரணியும் இணைவது நிஜம். இமாட்டினிப் மருந்து கொடுத்தால் கட்டி சுருங்குகிறது. கொலாஜனும் கட்டமைப்புப் புரதம்தான்.

டெர்மினல்_தாத்தா
அது குரோமோசோம் 17-க்கும் 22-க்கும் இடையே இடமாற்றம். ஃபிஷ்ஷில் (குரோமோசோமில் ஒளிரும் குறி ஒட்டும் சோதனை) கண்ணால் காட்டுகிறார்கள். கொலாஜனின் வலுவான புரோமோட்டர் (மரபணுவை ஓட்டும் சுவிட்ச்) ஒரு வளர்ச்சிக் காரணியை ஓட்டுகிறது. இங்கே கெரட்டின் புரோமோட்டர் ஓட்டுவது இன்னொரு கெரட்டினை. அந்தச் செல்லில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

இழைநார்
எஃப்ஜிஎஃப்ஆர்3 – டேக்3 மரபணு இணைவு தலை-கழுத்துப் புற்றிலேயே வருகிறதே?

டெர்மினல்_தாத்தா
வருகிறது, அரிதாக. இவர்கள் கணக்கில் பாதிப் பேருக்கு. அந்த எண்ணே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டாமா?

மார்ஜின்_நெகட்டிவ்
நான் பேதாலஜி. சண்டை நடுவில் ஒரு கேள்வி: இணைவு உள்ள கட்டிகளின் கிரேடு என்ன? வெல் டிஃபரன்ஷியேட்டட் (செல்கள் இயல்புச் செல்லை ஒத்தே இருக்கும் கிரேடு) என்றால் ஸ்லைடு முழுக்கக் கெரட்டின் முத்து நிற்கும். கெரட்டின் எவ்வளவு கூடுதலோ, டெம்ப்ளேட் தாவ வாய்ப்பும் அவ்வளவு. அந்தக் கட்டிகள் பொதுவாக மெதுவாகவும் போகும். அப்படியானால் கவிதா பார்ப்பது ஃப்யூஷனின் விளைவல்ல, கிரேடின் நிழல். சர்வைவல் மாடலில் கிரேடையும் கெரட்டின் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

ரீடு_மேப்பர்
இது சரியான இடம். அர்ரிபாவிலும் (இன்னொரு ஃப்யூஷன் சாஃப்ட்வேர்) ஒருமுறை ஓட்டுங்கள், அதில் பொய் இணைவுகளுக்கு விலக்குப் பட்டியல் உண்டு.

இழைநார்
அர்ரிபா விலக்குவதில் நிஜமானதும் போகும்.

டெர்மினல்_தாத்தா
ஸ்டார்-ஃப்யூஷனிலும் வடிகட்டி இருக்கிறது. மேனுவல் படித்தவருக்குத் தெரியும்.

ரீடு_மேப்பர்
சார், அந்தப் பொண்ணு வியாழக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். மேனுவல் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

பெஞ்ச்_கவிதா
பாரஃபின் பிளாக். இணைவு எக்ஸான் நடுவில். நார்மல் திசுவிலும் வருகிறது. கிரேடைச் சேர்த்ததும் சர்வைவல் வித்தியாசம் போய்விட்டது. ஒரு கட்டியில் மட்டும் வேறொரு இணைவு, எக்ஸான் எல்லையில் சுத்தமாக நிற்கிறது, நார்மலில் இல்லை. அதன் டிஎன்ஏவை எடுக்கப் போகிறேன். நன்றி எல்லோருக்கும்.

இழைநார்
எந்த மரபணு?

இழைநார்
கவிதா? எந்த மரபணு என்று சொல்லிவிட்டுப் போங்கள்.