உகாண்டாவில் பறவை பார்க்கப் போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பனங்காடை:

உகாண்டா போனால் வழிகாட்டி அவசியமா, நாமே வண்டி எடுத்துக்கொண்டு சுற்ற முடியாதா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். என் பதில் கொஞ்சம் நீளம், அதனால் மொத்தமாக இங்கேயே கொட்டிவிடுகிறேன். போய் வந்த மற்றவர்களும் சேர்த்து எழுதுங்கள்.

நாங்கள் போனது மர்ச்சிசன் அருவி தேசியப் பூங்கா, அப்புறம் தெற்கே இறங்கி புடோங்கோ காடு, கிபாலே காடு, கடைசியில் என்டெபே பக்கம் மபாம்பா சதுப்பு நிலம். காங்கோ பக்கத்து மழைக்காடு வந்து முடிகிற இடமும் கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளி தொடங்குகிற இடமும் இந்த ஒரே நாட்டுக்குள் இருக்கின்றன, நடுவில் ஏரிகளும் சதுப்பும் வேறு. அதனால்தான் பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குகூட இல்லாத நாட்டில் 1,000க்கும் மேற்பட்ட பறவை இனங்கள்.

புல்வெளியில் வழிகாட்டி இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம், எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. மர்ச்சிசனின் வடகரையில் போய் நின்றால் கண்ணுக்கு எட்டின வரை பனை. நிஜமாகவே பனைதான், நம்முடைய பனைக்கு ஆப்பிரிக்க உறவு. யானைகள் பழத்தைத் தின்று கொட்டையைப் பரப்பிவிடுகின்றன. எருமைகளின் முதுகில் பியாபியாக் என்று ஒரு நீள்வால் காக்கை இனம் சவாரி செய்யும், அலகு இளஞ்சிவப்பாக இருந்தால் அது இளம் பறவை. தரை இருவாச்சி ஜோடியாக நடந்து போகும், தொண்டைப் பை சிவப்பாக இருப்பது ஆண், முழுக்க நீலமாக இருப்பது பெண். புத்தகம் கையில் இருந்தால் இதையெல்லாம் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது செந்தொண்டைப் பஞ்சுருட்டான் என்கிற தேனீ தின்னும் பறவை. நைல் கரையின் மண் சுவர் முழுக்கச் சல்லடையாகப் பொந்துகள். ஒன்று உள்ளே போய்க் காலால் மண்ணைப் பின்பக்கமாக வாரி இறைக்க, வெளியே காத்திருந்த ஜோடியின் தலையிலேயே அது விழுகிறது, அதுவும் நகராமல் நிற்கிறது! இன்னொன்று தேனீயைப் பிடித்து வந்து கிளையில் ஓங்கி அடித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தேனீயின் பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்து விஷத்தைப் பிதுக்கிவிட்டு அப்படியே விழுங்கியது. படகு அசையாமல் நிற்கும்படி ஓட்டுநரிடம் கைகாட்டினார் எங்கள் வழிகாட்டி, அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை. அருவிக்குப் போனால், நைல் ஏழு மீட்டர் அகலப் பாறை இடுக்கில் நெருக்கிக்கொண்டு போய் 43 மீட்டர் கீழே விழுகிறது. எல்லாரும் அருவியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, சாரல் அடிக்கிற ஈரப் பாறையில் பாறைப் பிராட்டின்கோல் என்கிற சின்னப் பறவை சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாருங்கள்.

காடு வேறு கதை. புடோங்கோவில் ராயல் மைல் என்று அகலமான பாதை, இருபுறமும் மஹோகனி மரங்கள், சத்தம் மட்டும் நாலா பக்கமும் கேட்கிறது, இறக்கை ஒன்றுகூடத் தெரிவதில்லை. எங்கள் வழிகாட்டி அந்தப் பக்கத்து ஊர்க்காரர். நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று நின்று தலையைச் சாய்ப்பார், பிறகு ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். சாக்லேட் நிற முதுகு மீன்கொத்தி உச்சாணிக் கிளையில் இருக்கிறது என்று அர்த்தம். மீன்கொத்தி என்று பெயரே தவிர அங்கே தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. அந்த இடத்தில் அவர் இல்லாவிட்டால் நான் இலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன்.

கிபாலேயில் பச்சை மார்புப் பிட்டா, அதாவது ஆறுமணிக்குருவியின் சொந்தக்காரர். விடிவதற்கு முன்னாலேயே டார்ச் வெளிச்சத்தில் உள்ளே கூட்டிப்போய் நிறுத்திவிடுகிறார்கள். கிளையிலிருந்து சட்டென்று ஒரு துள்ளல், கூடவே இறக்கையிலிருந்து 'ப்ர்ர்ப்' என்று சின்னச் சத்தம், அதுதான் அடையாளம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், பிறகு தரையில் சருகு கிளறிக்கொண்டு திரிகிற பறவையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. வண்டி என்ன, தங்குமிடம் என்ன என்பதையே எல்லாரும் விசாரிக்கிறார்கள். வழிகாட்டி யார், அந்தக் காட்டில் எத்தனை காலமாக நடக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

உள்ளான்:

பனங்காடை அண்ணா மபாம்பாவைப் பெயரோடு நிறுத்திவிட்டார், அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் உகாண்டா போனதே ஷூபில் என்கிற, செருப்பு மாதிரி அலகுள்ள பெரிய பறவைக்காகத்தான்.

விக்டோரியா ஏரியின் ஓரத்தில் பாப்பிரஸ் கோரை மண்டிக் கிடக்கிற இடம் இது, 2006லிருந்து உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. மரப் படகில் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் ஒருவர் கோலை ஊன்றித் தள்ளுகிறார். அல்லி இலைகளின் மேலே இலைக்கோழிகள், கோரைத் தண்டில் மலக்கைட் மீன்கொத்தி, அதெல்லாம் வழியிலேயே வந்துவிடும். அங்கே மீனவர்களிடம் முன்பு ஒரு நம்பிக்கை இருந்ததாம், ஷூபில் கண்ணில் பட்டால் அன்றைக்கு மீன் கிடைக்காது என்று. அதனால் கொன்றுவிடுவார்களாம். இப்போது அதே மீனவக் குடும்பங்களிலிருந்து பலர் படகோட்டியாகவும் வழிகாட்டியாகவும் இருக்கிறார்கள்.

பறவை கிடைத்தது. ஒரு மீட்டருக்கும் மேல் உயரம், சாம்பல் நிறம், அலகின் நுனியில் வளைந்த கொக்கி. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பக்கத்துப் படகில் ஒருவர் பொம்மை வைத்திருக்கிறார்களோ என்றே கேட்டுவிட்டார். நுரையீரல் மீன் காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டும், அதற்காகத்தான் இந்த நிற்பு. மீன் வந்ததும் ஷூபில் தலையோடு உடம்பையும் சேர்த்துத் தண்ணீரில் விழுகிறது, இறக்கை இரண்டும் விரிந்து கிடக்கிறது. எழுந்தபோது வாய் நிறைய பாசியும் வேரும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் செடியைப் பக்கவாட்டில் வழிய விட்டது, கடைசியில் மீனின் வால் மட்டும் தெரிந்தது, அதுவும் போய்விட்டது.

வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு குழுவின் படகு இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று கோரைக்குள் நுழைந்து அதைக் கிளப்பிவிட்டது. எங்கள் படகோட்டி அவர்களிடம் லுகாண்டாவில் ஏதோ சொன்னார், மொழிபெயர்க்கச் சொன்னதற்குச் சிரித்துவிட்டார். உலகத்திலேயே சில ஆயிரங்கள்தான் இருக்கிற பறவை, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் குறைந்தா போய்விடும்?

வாலாட்டி:

நான் தென்மேற்கே ப்விண்டி போனேன். எல்லாரும் கொரில்லாவுக்குப் போகிற காடு, நாங்கள் ருஹிஜாவிலிருந்து முப்விண்டி சதுப்புக்கு இறங்குகிற பாதையில் போனோம், ஆப்பிரிக்கப் பச்சை பிராட்பில் என்கிற அகல அலகுப் பறவையைத் தேடி. உகாண்டாவில் இந்த ஒரு காட்டில்தான் அது இருக்கிறது. காட்டு யானை உண்டு என்பதால் துப்பாக்கியோடு ரேஞ்சர் ஒருவரும் கூட வருவார். இறங்குவது சுலபம், அதே சரிவில் ஏற வேண்டும் என்பது அப்புறம்தான் முழங்காலுக்குத் தெரியும்.

ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு திடீரென்று ஒரு கலப்புக் கூட்டம், கதிர்க்குருவிகள், ஈபிடிப்பான்கள், தேன்சிட்டுகள் எல்லாம் ஒரே மரத்தில். வழிகாட்டி பெயர் பெயராக உதிர்க்கிறார், நாங்கள் பைனாகுலரைத் திருப்புவதற்குள் அடுத்த பெயர். பாதியைத்தான் பார்த்தேன், மீதியை அவர் சொன்னார் என்பதற்காக என் பட்டியலில் சேர்க்கவில்லை.

பிராட்பில் கூடு கட்டியிருந்தது. பாசி தொங்குகிற மாதிரிதான் தெரிந்தது, அதில் வாசல் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் கூடு என்றே புரிந்தது. பறவை வந்தது, உடம்பெல்லாம் பச்சை, தொண்டையில் வெளிறிய நீலம், நான் நினைத்ததைவிடச் சின்னது. வழிகாட்டி எங்களைத் தூரத்திலேயே நிறுத்தினார், அதன் குரலின் ஒலிப்பதிவைப் போட்டுக் கூப்பிடவும் மாட்டேன் என்றார். என்னோடு வந்த ஒருவருக்குக் கோபம், இவ்வளவு பணம் கட்டி வந்திருக்கிறோமே என்று. எனக்கு அவர் செய்ததுதான் சரி. கூட்டில் இருக்கிற பறவைக்குப் போட்டியாக ஒரு குரலைக் கேட்க வைத்தால் அது குஞ்சைப் பார்க்குமா, எதிரியைத் தேடுமா?

பனங்காடை:

வாலாட்டி அக்கா, ஒலிப்பதிவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். புடோங்கோவில் எங்கள் வழிகாட்டி ஒருமுறை போட்டார், பதில் வந்ததும் உடனே நிறுத்திவிட்டார். கூடு இருக்கிற இடத்தில் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கூழைக்கடா:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது, அடுத்த வருடம் கிளம்பலாம் என்று இருக்கிறேன். 600 மில்லிமீட்டர் கேமரா லென்ஸ் தூக்கிக்கொண்டு வரலாமா? உடை, ஊசி பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

உள்ளான்:

படகுக்கும் புல்வெளிக்கும் லென்ஸ் சரி, காட்டுக்குள் வெளிச்சமே இருக்காது, கழுத்து வலிதான் மிச்சம். அங்கே எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். மர்ச்சிசனில் செட்சி ஈ கடிக்கும், கருநீலமும் கறுப்பும் அதை இழுக்கும், காக்கியோ வெளிறிய பழுப்போ போடுங்கள். மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழை அதிகம், காட்டுப் பாதை சேறாகிவிடும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாவிட்டால் போகும்போதும் சிக்கல், திரும்பி இந்தியாவில் இறங்கும்போது தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். சான்றிதழாகத் தருகிற அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.