மலை வயலைக் குத்தகைக்குக்கூட எடுப்பாரில்லாமல் போவது ஏன்?

பரவனாற்றங்கரை:
குறிஞ்சிப்பாடி வட்டத்தில் எங்கள் ஊரில் ஒருவர் வெளிநாடு போய்விட்டாலும், பங்காளியோ பக்கத்து வயல்காரரோ அவருடைய நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்துப் பயிர் வைத்துவிடுகிறார். உத்தராகண்ட் மலைகளிலோ அடுக்கு வயல்கள் ஊர் ஊராகப் புதர் மண்டிக் கிடப்பதாகப் படிக்கிறேன். விளைச்சல் குறைவுதான் காரணம் என்றால், அதே குறைந்த விளைச்சலை வைத்துக்கொண்டு முன்னோர் எப்படிப் பயிர் செய்தார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

புதுவை வாசகன்:
ஐயா, விளைச்சல் அன்றும் குறைவுதான். அதற்குச் செலவிடும் உழைப்புக்கு வெளியே கிடைக்கும் கூலிதான் மாறிவிட்டது. பல அடுக்குகளில் டிராக்டர் ஏறாது. பெரும்பாலும் பெண்களே எருவைச் சுமந்து ஏறி, வானம் பார்த்த நிலத்தில் கேழ்வரகும் குதிரைவாலியும் விளைவித்தார்கள். அம்மாநில அரசு 2017இல் அமைத்த இடப்பெயர்வு ஆணையத்தின் 2018 அறிக்கைப்படி, பத்தாண்டுகளில் 1,18,981 பேர் நிரந்தரமாக வெளியேறினர். 2011க்குப் பிறகு 734 ஊர்கள் ஆளில்லாமல் போயின. போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலை தேடிப் போனவர்கள். கல்விக்காகவும் மருத்துவத்துக்காகவும் போனவர்கள் அடுத்த நிலையில் வருகிறார்கள். நிலம் கைவிட்டதால் போனவர்களைவிட, சம்பளமும் பள்ளிக்கூடமும் இழுத்துப் போனவர்களே அதிகம் என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

வேப்பூர் உழவன்:
மேலே சொன்னது ஆட்கள் போன கதை. அவர்கள் விட்டுப்போன நிலத்தை மிஞ்சியவர்கள் ஏன் எடுக்கவில்லை என்பதற்கு விடை வேறு. சமவெளியில் என் பக்கத்து வயல் தரிசானால் எனக்கு எலித்தொல்லையும் களைவிதையும் கூடும், அவ்வளவுதான். மலையில் மேல் அடுக்கின் கல்சுவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால், ஒரு பெருமழையில் அது சரிந்து கீழ் அடுக்கின் மேல் விழும். நம் பக்கத்துக் குடிமராமத்து போல ஊரே கூடித் தூர்வார வேண்டிய வாய்க்காலுக்கு நாலு வீட்டார் போதமாட்டார்கள். காட்டுப்பன்றியும் குரங்கும் எல்லார் வயலிலும் மேய்ந்தது போய், மிஞ்சிய ஒருவர் வயலில் மட்டும் இறங்கும். இங்கே மக்காச்சோளத்துக்கு இரவுக் காவல் இருந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். ஆக, ஒருவர் விட்டால் அடுத்தவருக்குச் செலவு கூடுகிறது. அதோடு, துண்டு துண்டாகச் சிதறிய நிலம் பல பங்காளிகளின் பெயரில் கூட்டாக இருக்கும்போது, குத்தகை பேச யாரிடம் போவது? நம் ஊர்க் கூட்டுப் பட்டாக்களிலேயே இந்தச் சிக்கல் உண்டு.

பரவனாற்றங்கரை:
நன்றி அண்ணா. அப்படியானால் தனித்தனி விவசாயிக்கு மானியம் கொடுத்துப் பயனில்லையா?

புதுவை வாசகன்:
பயன் குறைவு என்றே நினைக்கிறேன். ஜப்பான் 2000இல் மலைப்பகுதி விவசாயிகளுக்கு நேரடி உதவித்தொகையைத் தொடங்கியபோது, ஊரார் கூடி ஓர் ஒப்பந்தம் செய்து, ஐந்தாண்டுகள் நிலத்தைத் தரிசாக விடாமல் காப்பதாக உறுதி தர வேண்டும் என்று விதித்தது. வேப்பூர் நண்பர் சொன்ன சங்கிலியை அறுக்க இதுவே சரியான இடம் என்பது என் எண்ணம். ஆனால் அங்கும் வயலில் இருப்பவர்கள் முதியவர்கள். ஐந்தாண்டு உறுதிக்குக் கையெழுத்திட அவர்களே தயங்குகிறார்கள்.