மெக்னீசியம்: மாத்திரையா, தோல்ல அடிக்கிற ஸ்ப்ரேயா?

தறிக்காரன்_அம்மாபேட்டை:
அப்பா நாள் முழுக்க தறில நின்னே வேலை பாக்கறவரு, நடுராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சுக்குது. மெடிக்கல்ல மெக்னீசியம் ஆக்சைடு மாத்திரை குடுத்தாங்க, வயித்தால போகுதுன்னு நிறுத்திட்டாரு. ஆன்லைன்ல மெக்னீசியம் ஆயில்னு ஸ்ப்ரே ஒண்ணு இருக்கு, தோல் வழியா நேரா ரத்தத்துல சேரும்னு போட்டிருக்கான். வாங்கலாமா?

மலையேறி:
தாராளமா வாங்குங்க தம்பி. நான் ஏற்காட்டுக்கு சைக்கிள்ல ஏறுறவன், 20 கொண்டை ஊசி வளைவு முடிச்சு வந்தா தொடை கல்லு மாதிரி ஆயிடும், வெந்நீர்ல எப்சம் சால்ட் (அதுவும் மெக்னீசியம் உப்புதான்) போட்டு கால ஊற வெச்சுட்டு ஸ்ப்ரே அடிச்சு நல்லா தேய்ச்சா போதும், தூக்கம் அப்படி வரும். வயித்துக்கே போகாததால பேதியும் இல்ல.

கோரிமேடு_லேப்:
வெந்நீரும் இருக்கு, தேய்க்கறதும் இருக்கு, பேரு மட்டும் மெக்னீசியத்துக்கா சார்? அது ஆயிலே கிடையாது, மெக்னீசியம் குளோரைடு உப்பைத் தண்ணில கெட்டியா கரைச்சது, வழவழன்னு இருக்கறதால அந்தப் பேரு. கரைஞ்ச அயனி சுத்திலும் தண்ணிய இழுத்து வெச்சுக்கிட்டு பெருத்துடும், தோலோட மேல்தட்டுல கொழுப்பு வேற, லேசுல தாண்டாது. மயிர்க்கால் வழியா கொஞ்சம் நுழையலாம். 2017ல நியூட்ரியன்ட்ஸ் ஜர்னல்ல இதையெல்லாம் அலசி, ஆதாரம் பத்தலன்னுதான் எழுதுனாங்க.

வெள்ளக்கல்:
தோல் வழியா ஏறும்னா நம்ம சேலம் மேக்னசைட் (மெக்னீசியம் இருக்கற வெள்ளக்கல்லு) சுரங்கத்துல தூசில குளிச்ச ஆளுங்களுக்கு சுளுக்கே வந்திருக்கக் கூடாதே 😂

மலையேறி:
தெரிஞ்சா பேசுங்க. மேக்னசைட் கார்பனேட், தண்ணில கரையறதே கஷ்டம், அது உலைக்கு செங்கல் செய்யப் போறது. இது குளோரைடு. அதே 2017ல பிளாஸ் ஒன் ஜர்னல்ல மெக்னீசியம் கிரீம் தடவி பாத்த ஆய்வும் வந்துச்சே, அத ஏன் லேப்காரர் சொல்லல?

கோரிமேடு_லேப்:
சொல்றேன். 25 பேரு, ரெண்டு வாரம், தினம் 56 மில்லிகிராம். மொத்தமா பாத்தா ரத்தத்துல மெக்னீசியம் ஏறுனது உறுதியாகல, விளையாட்டு வீரரா இல்லாதவங்கள தனியா பிரிச்சாத்தான் தெரிஞ்சுது.
தம்பி, ஆக்சைடுல 60 சதவீதம் மெக்னீசியம் இருந்தாலும் குடல் உறிஞ்சறது கம்மி, மிச்சம் உள்ளயே நின்னு தண்ணிய இழுக்கும், அதான் பேதி. மெக்னீசியம் சிட்ரேட் மாத்திரை அதவிட நல்லா சேரும், ஆனா அதுவும் அளவு கூடினா வயித்த கலக்கும். அமெரிக்காவுல சப்ளிமென்டா மட்டும் ஒரு நாளைக்கு 350 மில்லிகிராம் தாண்டாதீங்கன்னு சொல்றாங்க. ஒண்ணு சொல்லிடறேன், வயசானவங்களுக்கு ராத்திரி வர்ற இழுப்புக்கு மெக்னீசியம் பெருசா உதவறதில்லன்னு பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாக்கற காக்ரேன் அமைப்போட 2020 அலசல்ல இருக்கு, மாத்திரையே அப்படி.

மலையேறி:
அப்ப ரெண்டும் வேஸ்ட்டா? நல்லா இருக்கு. எனக்கு வலி குறையுது, நான் விடறதா இல்ல.

கோரிமேடு_லேப்:
உங்க கால், உங்க காசு. தம்பி, அப்பா வேற என்ன மாத்திரை போடறாரு? கிட்னி எப்படி?

தறிக்காரன்_அம்மாபேட்டை:
சுகர் இருக்குங்க. காலைல வெறும் வயித்துல ஓமெப்ரசோல், வருஷக்கணக்கா. கிட்னி டெஸ்ட் எடுத்ததில்ல.

கோரிமேடு_லேப்:
அந்த கேஸ் மாத்திரை நெடுநாள் போட்டா சிலருக்கு மெக்னீசியமே குறையும். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட அத சொல்லி ரத்தத்துல மெக்னீசியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (கிட்னி எப்படின்னு காட்டறது) பாருங்க. கிட்னி மந்தமா இருந்தா மெக்னீசியம் வெளிய போகாம ஏறிடும், அப்ப மாத்திரையே ஆபத்து.

தறிக்காரன்_அம்மாபேட்டை:
சரிங்க. அதுவரைக்கும் அண்ணன் சொன்ன வெந்நீராவது?

மலையேறி:
சுகர்னு முதல்லயே சொல்லக்கூடாதா தம்பி! கால் மரத்திருந்தா சூடே தெரியாது, வெந்துடும். வெந்நீர் வேணாம். பாதத்த முட்டிப் பக்கமா மடக்கி இழுத்து விடுங்க, அது போதும்.