முதல் பத்து நிமிடம் எங்கே போகிறது? மதுரைப் பக்கத்து வகுப்பறைகளில் கணினி, ப்ரொஜெக்டர், கைப்பேசி

உசிலம்பட்டி, கணக்கு டீச்சர்

ஹைடெக் லேப் இருக்கிறது, ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது. ஆனாலும் 40 நிமிடப் பீரியடில் முதல் பத்து நிமிடம் ஒயர் தேடுவதிலும் நெட் சுற்றுவதைப் பார்ப்பதிலும் போய்விடுகிறது. அதற்குள் பின் பெஞ்சு வேறு உலகத்துக்குப் போயிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை மீட்க அவரவர் வகுப்பில் எது பலித்தது, எது சொதப்பியது என்பதை இங்கே எழுதுங்கள்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருள் நெட் இல்லாமலே ஓடும், முதல்நாளே நிறுவி வைத்துவிடலாம். பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டு வரைபடத்துக்கு மூன்று கெழுக்களுக்கும் மூன்று ஸ்லைடர் (இழுத்தால் மதிப்பு மாறும் பட்டி), எல்லை -5 முதல் 5 வரை, நகர்வு 0.1. ஆனால் திரையை உடனே காட்டாதீர்கள். முதலில் -2 முதல் 2 வரை ஐந்து மதிப்புகளுக்குப் பிள்ளைகள் அட்டவணை போட்டு, கிராஃப் தாளில் கையால் வளைவரை வரையட்டும். அதன்பிறகு ஸ்லைடரை நகர்த்தினால் "இது நான் வரைஞ்ச கோடுதானே" என்று கண் அங்கேயே நிற்கும். கையால் வரையாமல் காட்டினால் படம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் கெழுவை மெல்ல 0-க்குக் கொண்டுவாருங்கள். வளைவரை விரிந்து விரிந்து நேர்க்கோடாகிவிடும். "அது 0 ஆகக் கூடாது" என்று புத்தகம் ஏன் சொல்கிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. அச்சுகளின் விகிதம் 1:1 இல்லையென்றால் ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகள் அப்படித் தெரியாது, வட்டம் முட்டை வடிவமாகும். சாய்வுகளின் பெருக்கல் -1 என்று சொல்லிக்கொண்டிருப்போம், திரையில் கோணம் 70 பாகை மாதிரி இருக்கும். பாடம் தொடங்கும் முன்பே விகிதத்தைச் சரிபாருங்கள்.

மேலூர், இயற்பியல்

டீச்சர் சொன்ன வரிசை அறிவியலுக்கும் அப்படியே பொருந்தும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) பாவனைகளில், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளில், பலவற்றைத் தமிழிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரே கோப்பு, பிரவுசரில் திறந்தால் நெட் இல்லாமல் ஓடும். பென் டிரைவில் போட்டு லேபின் எல்லாக் கணினியிலும் ஒரே பெயருள்ள ஃபோல்டரில் வைத்துவிட்டால், "எங்க சார் இருக்கு?" என்ற கேள்வி வராது.

ஓம் விதிக்கு மின்சுற்றுப் பாவனை அருமையானது. ஆனால் அதை மட்டும் காட்டி நிறுத்தினால் தவறான எண்ணம் பதிந்துவிடும். இரண்டு 1.5 வோல்ட் டார்ச் செல், இரண்டு டார்ச் பல்பு, ஒரு சாதாரண மல்டிமீட்டர் மேசையில் இருக்கட்டும். பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பின் ஒளி குறையுமா என்று முதலில் கையைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு பாவனை, அதன்பின் நிஜச் சுற்று. பாவனையில் ஒளி துளியும் குறையாது. மேசையில், செல் கொஞ்சம் பழசாக இருந்தால், லேசாக மங்கும். நிஜ செல்லுக்கு அக மின்தடை, அதாவது தனக்குள்ளேயே ஒரு தடை உண்டு, பாவனையின் பேட்டரியில் தொடக்க அமைப்பில் அது 0. மல்டிமீட்டரை செல்லின் முனைகளில் வைத்தால் பல்பு சேரச் சேர வோல்ட் இறங்குவது எண்ணாகவே தெரியும். "கம்ப்யூட்டர் தப்பு சார்" என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்த இடத்தில் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள், அவர்களே காரணம் தேடட்டும். டார்ச் பல்பின் இழையும் சூடேறினால் தடை கூடும். வோல்ட்-மின்னோட்ட வரைபடம் நேர்க்கோடாக வராததற்கு அது காரணம். நேர்க்கோடு வேண்டுமென்றால் பல்புக்குப் பதில் 100 ஓம் மின்தடையை வையுங்கள்.

ஒரு கணினிக்கு இருவர். மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் அவர் வேடிக்கைதான் பார்ப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாற வேண்டும். கணினி போதவில்லையென்றால் வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி மேசைச் சோதனை, மறுபாதி திரை.

திருமங்கலம், கணினிப் பயிற்றுநர்

மின்சாரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. பாதிப் பாடங்கள் நிற்பது அதில்தான், கணக்கு இதோ. ப்ரொஜெக்டர் சுமார் 280 வாட், மடிக்கணினி 60, ஸ்பீக்கர் 20, ஆக 360 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-அவர் இருக்கும். 60 சதவீதத்துக்குமேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும், இன்வர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கைக்கு வருவது சுமார் 900 வாட்-அவர், அதாவது இரண்டரை மணி நேரம். அதே இணைப்பில் இரண்டு ஃபேனைச் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பாருங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது.

விளக்குள்ள ப்ரொஜெக்டரை நேராகச் சுவர் ஸ்விட்சில் அணைக்காதீர்கள். ரிமோட்டில் அணைத்து, உள்ளே ஃபேன் நின்றபிறகு ஸ்விட்ச். சூட்டோடு அணைத்தால் விளக்கின் ஆயுள் குறையும். நம் ஊர்த் தூசிக்கு ஃபில்ட்டரை மாதம் ஒருமுறையாவது கழற்றித் தட்ட வேண்டும். அடைத்துக்கொண்டால் இருபது நிமிடத்தில் சூடேறித் தானாகவே அணையும். "ப்ரொஜெக்டர் ரிப்பேர்" என்று டவுன்ஹால் ரோட்டுக்குத் தூக்கிப் போகும் முன்பு ஃபில்ட்டரைப் பாருங்கள்.

எழுத்து அளவு: கடைசி பெஞ்சு 8 மீட்டர் தள்ளி இருந்தால் படத்தின் உயரம் 1.3 மீட்டருக்குக் குறையக் கூடாது. வெளிச்சமான அறையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் தெரியும். திரைக்குப் பக்கத்து இரண்டு ஜன்னலை மட்டும் சாத்துங்கள். சித்திரை வெயிலில் எல்லாவற்றையும் மூடினால் பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்க மாட்டார்கள், விசிறிக்கொண்டுதான் இருப்பார்கள்.

தமிழ் எழுத்துருவையும் சொல்லிவிடுகிறேன். வானவில்லில் அடித்த வினாத்தாள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறித் தெரியும். அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், இனிமேல் அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறையைச் சொல்லிக்கொடுப்பது நல்லது. என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் நெட் இல்லாமல் வேலை செய்யும். மதுரை என்பதற்கு ம, த, உ, ர, ஐ என ஐந்து தட்டு. அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ, நான்கே தட்டு, புள்ளி தானாக விழும். ஆங்கில ஒலி வழியாக அடிக்கும் பிள்ளை ந-வா ன-வா, ல-வா ள-வா என்று யோசிக்காமல் அடித்துவிட்டு, வருவதை எடுத்துக்கொள்கிறது. தமிழ்99-ல் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி விசை, எழுத்தை அறிந்தால்தான் விசையைத் தொட முடியும்.

அலங்காநல்லூர், தொடக்கப்பள்ளி டீச்சர்

எங்கள் வகுப்புகளுக்கு ஒரு கைப்பேசி போதும். குழந்தை ஒரு நிமிடம் வாசிப்பதைப் பதிவுசெய்து அதற்கே போட்டுக் காட்டுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் மூச்சுக்காற்றுதான் பதிவாகும். ஃபேனை நிறுத்துங்கள். திணறிய சொல்லைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும். நாம் திருத்துவதைவிட அது நிலைக்கிறது. ஜூலையில் ஒரு பதிவு, நவம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, ஒரே பத்தி. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் சொல்வதைவிட இந்த மூன்றையும் போட்டுக் காட்டலாம்.

பாடநூல் க்யூஆர் குறி ஸ்கேன் ஆகவில்லையென்றால் கசங்கலோ பளபளப்போ காரணமாக இருக்கும். அதனுடன் அச்சாகியிருக்கும் 6 இடக் குறியீட்டை திக்‌ஷா செயலியில் தட்டினால் அதே பாடம் வரும். ஒரு போனில் இறக்கியதை நெட் இல்லாமலே இன்னொரு போனுக்கு மாற்றவும் முடியும்.

தெப்பக்குளம் பக்கம், சமூக அறிவியல்

கூகுள் எர்த்தில் வேறு நாட்டு மலையைக் காட்டுவதற்கு முன்னால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை அளக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1,000 அடிக்கு 950 அடி. பார்வையை நேர்மேலாக வைத்து, அளவுகோலால் சுற்றுச்சுவரின் மூலைக்கு மூலை கோடு இழுக்க வேண்டும். சாய்ந்த பார்வையில் புள்ளி பிசகும். ஒரு குழு வெளிச்சுவரையும் இன்னொரு குழு உள்படியையும் தொட்டால் விடை பல மீட்டர் வேறுபடும். "எதை அளந்தீங்க?" என்ற விவாதம் அப்போதுதான் பிறக்கும், அதை வளர விடுங்கள். 9,50,000 சதுர அடியை 43,560-ஆல் வகுத்தால் சுமார் 22 ஏக்கர். நஞ்சை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஏக்கர் உடனே புரியும். கணினியில் நிறுவும் பதிப்பில் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்கலாம். தண்ணீர் நிரம்பிய தெப்பத்தையும் வறண்ட தெப்பத்தையும் அடுத்தடுத்து வைத்தால் வைகையைப் பற்றிப் பேச வேறு முன்னுரை வேண்டாம்.

உசிலம்பட்டி, கணக்கு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டுப்பாடக் கணக்கைப் படம் எடுத்து ஏஐ-யிடம் கொடுத்து விடையைக் காப்பி அடிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

மேலூர், இயற்பியல்

கேள்வியை வீட்டோடு கட்டுங்கள் டீச்சர். "உங்கள் வீட்டு ஈபி மீட்டரை இன்று மாலை 6 மணிக்கும் நாளை காலை 6 மணிக்கும் குறித்து வா. எந்தெந்தச் சாதனம் எத்தனை மணி நேரம் ஓடியது, யூனிட் பொருந்துகிறதா?" அளவை எடுத்தவர் பிள்ளைதான், எந்தச் செயலியும் அதைத் தர முடியாது. யூனிட் பொருந்தாமல் போனால் ஃபிரிட்ஜை விட்டிருப்பார்கள், அதையும் கேளுங்கள். ஏஐ-யே தந்த விடையைப் போர்டில் எழுதி, பிழை கண்டுபிடிக்கச் சொல்வதும் பலிக்கிறது. பாடநூலில் "மின்னழுத்த வேறுபாடு" என்றிருப்பதை அது "மின்னழுத்தம்" என்று விட்டுவிடும் இடங்களைப் பிள்ளைகள் சீக்கிரமே பிடித்துவிடுகிறார்கள்.

அலங்காநல்லூர், தொடக்கப்பள்ளி டீச்சர்

சார், ஸ்மார்ட் டிவியில் பென் டிரைவ் போட்டால் சில வீடியோ சத்தமே இல்லாமல் ஓடுகிறது, சில திறக்கவே மாட்டேன் என்கிறது.

திருமங்கலம், கணினிப் பயிற்றுநர்

டிவிக்குத் தெரியாத வகையில் வீடியோவோ ஒலியோ சுருக்கப்பட்டிருக்கிறது டீச்சர். வி.எல்.சி. வீடியோ பிளேயரில் "கன்வெர்ட்" கொடுத்து எம்.பி.4, எச்.264 வகைக்கு மாற்றுங்கள். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தால் பழைய டிவியும் படிக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு மட்டும் அதில் ஏறாது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், குழந்தைகளின் வாசிப்புப் பதிவுகளை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.