செட்டில்மெண்ட் பத்திரத்தில் 'கவனிக்க வேண்டும்' என்ற அந்த ஒரு வரி வேண்டுமா, வேண்டாமா?

இளையமகள்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "அறுபது தாண்டியதும் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மெண்ட் போட்டு, உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கவனிக்காமல் விட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) பத்திரத்தை ரத்து செய்துவிடுவார், பயமே வேண்டாம்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் 23-வது பிரிவில் என்ன இருக்கிறது? அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால்தான் ரத்து. நிபந்தனையோடு! அந்த வரி பத்திரத்தில் இல்லையென்றால் வீடும் போச்சு, கவனிப்பும் போச்சு. இதை நம்பி யாராவது கையெழுத்துப் போட்டால் யார் பொறுப்பு?

பத்திரக்கோப்பு: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே அம்மா. 2025 மார்ச்சில், நாகப்பட்டினத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அன்பையும் பாசத்தையும் காரணம் காட்டி எழுதிக் கொடுத்தாலே, கவனிக்கும் கடமையும் அதற்குள் அடக்கம். தனியாக ஒரு வரி தேவையில்லை. பழைய கதையை வைத்துக்கொண்டு பெரியவர்களை மிரட்டாதீர்கள்.

இளையமகள்: 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன ஆச்சு? நிபந்தனை இருந்தது என்று மனுவில் சொல்லி நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் 23 பொருந்தாது என்றார்களே. உயர் நீதிமன்றத்துக்கு மேலே உச்ச நீதிமன்றம் இருப்பது உங்களுக்குத் தெரியாதா?

பத்திரக்கோப்பு: தெரியும். அதே உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 2 அன்று ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்ததும் தெரியும். மூத்த குடிமக்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. பத்திரம் எழுதியே பிழைப்பு நடத்துகிறவனுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

இளையமகள்: தீர்ப்பை முழுசாகப் படித்தீர்களா, தலைப்பை மட்டும் பார்த்தீர்களா? அது மத்தியப் பிரதேசத்து வழக்கு. சாகும்வரை பார்த்துக்கொள்வேன், தவறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் தந்ததாக, பத்திரம் எழுதிய அன்றைய தேதியிட்ட உறுதிமொழிக் கடிதம் ஒன்று அந்த வழக்கில் இருந்தது. அதாவது, அந்த வரி இருந்தது!

பத்திரக்கோப்பு: அந்தக் கடிதமே போலி என்றுதான் மகன் வாதாடினான். அதை விட்டுவிட்டீர்களே, வசதியாக.

இளையமகள்: வாதாடினான். தோற்றான். அந்த வரி ஜெயித்தது.

கணக்குப்பிள்ளை: இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்கு 2023 ஜூலையிலிருந்து முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. உயிலுக்கு முத்திரைத்தீர்வையே கிடையாது. இரண்டு சாட்சி போதும், உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். உயில் எழுதினால் இந்தச் சண்டையே இல்லையே?

பத்திரக்கோப்பு: ஐம்பதாயிரத்தைப் பார்த்து உயில் எழுதுங்கள். அப்புறம் அண்ணன் தம்பி இருவரும் உயிலே செல்லாது என்று ஆயுள் முழுக்க கோர்ட்டில் நிற்கட்டும்.

தூரதேசம்: இதில் இன்னொன்றையும் பேச வேண்டும். நாங்கள் வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். கூட இருக்கிறவர்கள் சந்தடியில்லாமல் வீட்டை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். கேட்டால் "நான்தான் பார்த்தேன்" என்கிறார்கள். பணம் அனுப்புவது பார்ப்பதில் சேராதா?

இளையமகள்: சேரும் சார். ஆனால் பணம் ஆளைப் புரட்டிப் போடாது. பக்கவாதத்தில் விழுந்தவரை ராத்திரியும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். குதிகாலும் இடுப்புக்குக் கீழே எலும்பு தட்டும் இடமும் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்ததைக் கவனிக்காமல் விட்டால் படுக்கைப் புண். கவனித்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் ஷிஃப்ட் ஆள் வராத அன்று டயப்பர் மாற்றுவதும் மூக்குக் குழாயில் கஞ்சி விடுவதும் வீட்டில் இருக்கிறவர்தான். இதற்கு மெடிக்ளெய்ம் பைசா தராது, அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான். எழுபது வயதானவர்களுக்கு 2024-ல் வந்த ஐந்து லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான்.

தூரதேசம்: உருக்கமாக இருக்கிறது. கடைசியில் உங்கள் வீடு யார் பெயருக்குப் போனது, அதைச் சொல்லுங்கள்.

இளையமகள்: யார் பெயருக்கும் போகவில்லை. அம்மா பெயரிலேயே இருக்கிறது. மாடி வாடகைதான் ஷிஃப்ட் ஆளுக்குச் சம்பளம். வீடு வைத்தியச் செலவைத் தாங்கத்தான் முதலில், பாகம் பிரிக்க அப்புறம். அதைப் பிள்ளை பெயருக்கு மாற்றிவிட்டு, கவனிக்கவில்லை என்று அதே 2007 சட்டத்தின் தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்டால் சட்டப்படி உச்சவரம்பு மாதம் 10,000. ஒரு ஷிஃப்ட் ஆளுக்கே அது பத்தாது.

கணக்குப்பிள்ளை: ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றி யாரும் பேசவில்லையே? 2007-ல் தேசிய வீட்டுவசதி வங்கி கொண்டுவந்தது. குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்துப் பணம் வாங்கிக்கொண்டே அங்கேயே இருக்கலாம்.

தூரதேசம்: அடமானமா? அப்பா கட்டிய வீட்டையா? எங்கள் குடும்பத்தில் அது நடக்காது.

பத்திரக்கோப்பு: நடக்காது என்பதால்தான் செட்டில்மெண்ட் என்கிறேன். சகோதரிக்கு ஒரு கேள்வி. அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டால் என்ன செய்வீர்கள்? உயில் எழுத முடியாது. முன்பே கொடுத்த பவர் பத்திரமும் அதோடு செல்லாது. வீடு அவர் பெயரிலேயே கிடக்கும், அவசரத்துக்கு விற்கக்கூட கோர்ட்டுக்கு ஓட வேண்டும். போன மாதம் பவர் பத்திரம் பற்றிய விவாதத்தில் இதைச் சொன்னேன், அப்போதும் நீங்கள் குறுக்கே வந்தீர்கள்.

இளையமகள்: அப்போது நீங்கள் சொன்னது வேறு. பவர் எப்போதும் செல்லும் என்றீர்கள்.

பத்திரக்கோப்பு: சொல்லவில்லை. தேடி எடுத்துக் காட்டுங்கள்.

இளையமகள்: நீங்கள் பதிவைத் திருத்திய பிறகு எதைத் தேடுவது? அது கிடக்கட்டும். நினைவு தப்பும் என்ற பயம் நியாயம்தான். அதற்காக எழுதிக் கொடுப்பதாக இருந்தால் நல்ல நினைவோடு இருக்கும்போதே, ஆயுள் வரை அனுபவ உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கவனிக்க வேண்டும் என்ற வரியோடு எழுதட்டும். அந்த வரியோடு! ஒரு வரி சேர்க்க உங்களுக்கு ஏன் இவ்வளவு வருத்தம்?

பத்திரக்கோப்பு: அந்த வரி இருந்தால் நாளைக்கு வாங்க வருகிறவன் வில்லங்கம் என்று பின்வாங்குவான். பேங்க் லோனுக்கும் இழுத்தடிப்பார்கள். பெற்ற பிள்ளையிடமே எழுதி வாங்குவதா என்று வீட்டிலும் மனஸ்தாபம். இதையெல்லாம் நேரில் பார்க்கிறவன் நான்.

இளையமகள்: வாங்க வருகிறவன் பின்வாங்கட்டும். அம்மா உயிரோடு இருக்கும்போது அந்த வீட்டை விற்க முடியாமல் இருப்பதற்குத்தான் அந்த வரி.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் பத்திரம் எதற்கு, உயிலே போதுமே என்றுதான் நானும் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

தூரதேசம்: என் கேள்விக்கும்தான்.

பத்திரக்கோப்பு: நாகப்பட்டினம் தீர்ப்பை இன்னொரு முறை படியுங்கள் அம்மா. வரி தேவையில்லை. நான் எழுதும் பத்திரத்தில் போடமாட்டேன்.

இளையமகள்: உங்களிடம் எழுதப் போகிறவர்கள் இதைப் படிக்கட்டும். "அந்த வரியைப் போடுங்கள்" என்று கேளுங்கள். மறுத்தால் எழுந்து வேறு ஆளிடம் போங்கள்.