‘எங்கள் கடனாளிகளுக்கு’ என்ற வரியில் என் வாய் மூடிக்கொள்கிறது

வைகறை (கேள்வி):
அனைவருக்கும் ஸ்தோத்திரம். தகப்பனார் எங்கள் இருவருக்குமாக எழுதிவைத்த வீட்டை, என் கையெழுத்தைத் தானே போட்டுத் தம்பி விற்றுவிட்டான். ஆறு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் அவன், சென்ற மாதம் வாசற்படியில் நின்று, “அக்கா, என்னை மன்னித்துவிடு” என்றான். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன், பதில் சொல்லவில்லை. அன்று முதல் ஆராதனையில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது, “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல” என்ற இடத்தில் என் வாய் மூடிக்கொள்கிறது. சபையார் அடுத்த வரிக்குப் போன பிறகே நானும் சேர்ந்துகொள்கிறேன். மன்னிப்பது என்றால், நடந்தது ஒன்றுமில்லை என்று சொல்வதா?

பழைய ஆசிரியர்:
சகோதரி, அந்த வரியிலேயே “கடன்” என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். மத்தேயுவின் கிரேக்க மூலத்திலும் அங்கே கடனைக் குறிக்கும் சொல்தான் இருக்கிறது; மன்னித்தலுக்குரிய சொல், பிடியை விட்டுவிடுவதையும் கடனைத் தள்ளுபடி செய்வதையும் குறிக்கும். இல்லாத கடனை யாரும் தள்ளுபடி செய்வதில்லை.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில், தன் ராஜாவால் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அப்படியானால் அவனுக்கு விடப்பட்டது 6 கோடி நாள் கூலி. எந்த ஆயுளிலும் அடைக்க முடியாதது. பிரசங்கங்களில் அந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பத் தொகை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு நாள் கூலி ஒரு குடும்பத்தின் மூன்று மாத அடுப்பு. உங்கள் இழப்பு மெய்யானது என்பதை இயேசுவும் அறிந்தே பேசுகிறார். தேவன் உங்களுக்கு விட்டுவிட்டதன் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள் என்று மட்டுமே கேட்கிறார்.

மருதம்:
மன்னித்தால் நியாயம் கேட்கக் கூடாது என்று எண்ண வேண்டாம், அக்கா. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. மனைவி கிளாடிஸ் அவர்களை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொல்லி, பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கும் நடந்தது, முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதிசெய்தது. அவருடைய மன்னிப்பு நீதிமன்றத்தின் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை, அதைத் தடுக்கவும் இல்லை.

ஒலிவ மரம்:
லூக்கா 15-இல் உள்ள உவமையில், தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதை எல்லோரும் பேசுகிறோம். நீங்களோ மூத்தவர், கோபத்தோடு வெளியே நிற்பவரின் இடத்தில் இருக்கிறீர்கள். தம்பிக்காக வைத்த விருந்தை விட்டு அதே தகப்பன் வெளியே வந்து, அந்த மூத்தவனையும் வருந்தி அழைக்கிறான். அவன் உள்ளே போனானா என்பதை லூக்கா எழுதவில்லை. உங்கள் தாமதத்துக்காகத் தேவன் உங்களை வெறுக்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

வைகறை:
மூவருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பிக்குப் போன் செய்து, வியாழக்கிழமை டயாலிசிஸுக்கு நானும் உடன் வருகிறேன் என்றேன். வீட்டைப் பற்றியும் ஒரு நாள் பேச வேண்டும், அந்தக் கையெழுத்தை நான் மறக்கவில்லை என்றும் சொன்னேன். “சரி அக்கா” என்றான். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை.